தன்னுணர்வின் வகைகளும் திருவரங்கத்து ஆசாரியர் நோக்கும்

1975-இல் ஃபெனிக்ஸ்டைன், ஷெயர், பஸ் என்னும் மூவர் தன்னுணர்வை அளக்க 23 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். தன் எண்ணங்களைக் கவனிப்பது அகத் தன்னுணர்வு, பிறர் பார்வையில் தான் எப்படித் தெரிகிறோம் என்று கவனிப்பது புறத் தன்னுணர்வு என்ற பிரிவு அதன்பின் உளவியலில் வேரூன்றிவிட்டது. அனுபவமோ இதற்குள் அடங்குவதில்லை. திருவரங்கத்தில் பகல்பத்துத் திருவிழாவின்போது, அர்ச்சுன மண்டபத்தில், குல்லாய் அணிந்து கைத்தாளத்தோடு உற்சவர் நம்பெருமாள் திருமுன் பாசுரம் சேவிக்கும் அரையரை எண்ணிப் பாருங்கள். தம் குரல் இம்மி பிசகினாலும் அவருக்குத் தெரியும், உடனே திருத்திக்கொள்வார். அந்தக் கவனம் தமக்குள் நிகழ்வது. பெருமாளும் அடியார் கோஷ்டியும் கேட்கிறார்கள் என்பதாலேயே கூர்மை பெறுவது. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கூற்றுகளுக்கு மக்கள் அளித்த விடைகள் காரணிப் பகுப்பாய்வில் தனித்தனித் தொகுதிகளாகவே பிரிகின்றனவே என்பர். உண்மைதான். ஆனால் அந்த ஆய்வு பிரிப்பது விடைகளை. உணர்வு அவ்வாறே பிரிந்திருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. 1987-இலேயே விக்லண்டும் கோல்விட்சரும் இந்த அகம்-புறம் பிரிவைப் பிழையென மறுத்தார்கள். 1999-இல் டிராப்னெலும் கேம்பலும் அகத் தன்னுணர்வையே இரண்டாக்கினர்: அச்சத்தாலும் இழப்பாலும் தன்னையே அரித்துக்கொள்வது ஒன்று, அறியும் ஆவலால் தன்னை ஆராய்வது மற்றொன்று. ஒரே வகைக்குள் நோயும் தெளிவும் சேர்ந்து கிடந்தன என்றால், வகுத்த கோடே தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

வைணவ ஆசாரியர் இராமாநுசர் ஸ்ரீபாஷ்யத்தில் வேறொரு வழி காட்டுகிறார். ஆன்மா 'நான்' என்று தனக்குத் தானே ஒளிர்வது. ஆழ்ந்த உறக்கத்திலும் அது அணைவதில்லை. பொருள்களை அறிவிக்கும் தர்மபூத ஞானமோ விளக்கின் ஒளிபோல் அதனின்று பரவுவது, சுருங்கும், விரியும். திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் தத்துவத்திரயத்தில் செயலாற்றும் தன்மையையும் நுகரும் தன்மையையும் அந்த ஞானத்தின் நிலைகளாகவே கொள்கிறார். இதுவும் பிரிவுதானே என்று கேட்கலாம். இங்கே பிரிவது குணமும் குணியும். அவை பிரிக்க முடியாதபடி இணைந்தவை. தன்னுணர்வு பலவாகவில்லை, அதன் நிலைகளே பலவாகின்றன. ஆன்மா பற்றிய இக்கொள்கையைச் சோதனைச்சாலையில் நிறுவ இயலாது. பலவற்றை ஒன்றன் நிலைகளாகக் காணும் அந்த ஒழுங்கு மட்டும் உளவியலுக்குப் பயன்படும்.

சிகிச்சைக்கு வகைப் பெயர்கள் தேவை என்பதை மறுக்கவில்லை. பெயர் நிலைக்கு இருக்கட்டும், ஆளுக்கு வேண்டாம். திருச்சிக் கல்லூரிகளில் உளவியல் பயில்வோர் இந்த அளவுகோலைத் தமிழில் கையாளும்போது, மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், எந்தச் சூழலில், யார் முன்னிலையில், எதற்காக ஒருவர் தம்மைக் கவனித்தார் என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.