பாதி இறந்தகாலம்

கிளானட் இசைக்குழுவை நான் தலைகீழாகத்தான் கேட்க ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது 1989-இல் வந்த 'பாஸ்ட்பிரசென்ட்', அவர்களுடைய புகழ்பெற்ற பாடல்களின் தொகுப்பு. தலைப்பிலேயே இறந்தகாலமும் நிகழ்காலமும் இருக்கே, முழு வரலாறும் இதுக்குள்ள அடங்கிடும்னு நம்பிவிட்டேன். அதில் இறந்தகாலம் 1982-இல்தான் தொடங்குகிறது. குழு பிறந்ததோ 1970-இல்.

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில், டொனெகலில் இருக்கிறது க்வீடோர். ஐரிஷ் அரசியல் சட்டத்தின்படி நாட்டின் முதல் ஆட்சிமொழி. ஆனால் அது வீட்டுமொழியாக மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இப்படியான கரையோரங்களில்தான். அங்கே லியோ பிரென்னன் நடத்திய மதுக்கடையில் அவருடைய பிள்ளைகள் மோயா, கியரான், போல் மூவரும், இரட்டையர்களான தாய்மாமன்கள் நோயலும் பாட்ரிக்கும் சேர்ந்து பாடினார்கள். மாமன்கள் மோயாவைவிட மூன்று வயதுதான் பெரியவர்கள். 'கிளானட்' என்றால் டோர் ஊர்க் குடும்பம்.

1970-இல் ஒரு நாட்டுப்புற இசைவிழாவில் பரிசு வாங்கினார்கள். முதல் ஆல்பம் வர 1973 ஆனது. ஐரிஷில் பாடினால் யார் வாங்குவார்கள் என்ற தயக்கம் அவர்களைத் தொடர்ந்துகொண்டே இருந்தது. இருந்தும் பாடினார்கள்.

1982-இல் பெல்ஃபாஸ்ட் வன்முறையைப் பின்னணியாகக் கொண்ட 'ஹாரிஸ் கேம்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்குத் தீம் பாட்டுக் கேட்டு வந்தார்கள். ஒரு பழமொழியை எடுத்து, குரல்மேல் குரலாக அடுக்கி, அடியில் சின்தசைஸர் வைத்தார்கள். எல்லாம் வரும், போகும் என்பதுதான் பொருள். குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஊரைப் பற்றிய கதைக்கு இந்தப் பொருள்! அது பிரிட்டன் தரவரிசையில் 5-ஆம் இடம் பிடித்தது. ஐரிஷ் மொழிப் பாட்டு ஒன்று அங்கே முதல் பத்துக்குள் வந்தது அதுவே முதல்முறை. பாதிப் பேருக்கு அது எந்த மொழி என்றே தெரிந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், ஐரிஷ் திறந்த அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைந்தது பெரும்பாலும் ஆங்கிலம். 'ராபின் ஆஃப் ஷெர்வுட்' தொடருக்கான இசை, 1985-இல் போனோவோடு மோயா பாடிய 'இன் எ லைஃப்டைம்', எல்லாம் அதன் பின்விளைவு. நல்ல பாட்டுகள்தான், குறை சொல்லவில்லை. தொகுப்பிலும் அவைதான் நிறைந்திருக்கின்றன. ஐரிஷ் பாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சதியெல்லாம் ஒன்றுமில்லை. தொகுப்பை வெளியிட்டது ஆர்.சி.ஏ. முந்தைய ஆல்பங்கள் பிலிப்ஸ், கேல் லின், டாரா என்று வெவ்வேறு நிறுவனங்களில் சிதறிக் கிடந்தன. ஒப்பந்தம் எங்கே தொடங்கியதோ அங்கேதான் நினைவும் தொடங்கியது. ஆனால் என்னை மாதிரி தூரத்திலிருந்து கேட்பவனுக்கு ஒப்பந்தமா தெரியும்? கிளானட் என்றால் பனிமூட்டம், எதிரொலி, மாயம். பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகு 1976-இல் வந்த 'டூலமான்' கேட்டேன். தலைப்புப் பாட்டு கடற்பாசியைப் பற்றியது. மூட்டமே இல்லை. கிட்டார், புல்லாங்குழல், இரட்டை பாஸ், நேராக முகத்துக்கு வரும் குரல்கள். உப்பு வாசனை அடிக்கிற பாட்டு.

2025 ஏப்ரலில் மோயா இறந்த செய்தி வந்த ராத்திரி, 'ஹாரிஸ் கேம்' போடத்தான் கை போனது. நிறுத்திவிட்டு 'டூலமான்' போட்டேன். அதில் அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு இருக்கும்.