பாதாள இறக்கம்

கிறிஸ்து சிலுவையில் உயிர்விட்டதற்கும் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததற்கும் இடையே, இறந்தோர் தங்கியிருந்த கீழுலகுக்கு இறங்கிச் சென்றார் என்னும் கிறிஸ்தவ விசுவாசம். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைப் பன்னிரண்டு பிரிவுகளாக வகுக்கும் மரபில் இது ஐந்தாம் பிரிவின் முற்பகுதி. நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் இது இல்லை. தமிழ்க் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இறங்கிய இடத்தைப் பாதாளம் என்றே சொல்கின்றனர். இராமநாதபுரம், இராமேசுவரம் வரை நீளும் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தமிழில் ஓதப்பட்டு வரும் கோட்பாடுகளுள் இதுவும் ஒன்று.

விவிலிய ஆதாரம்

நான்கு நற்செய்திகளும் அடக்கத்தைச் சொல்கின்றன. காலியான கல்லறையைச் சொல்கின்றன. இடைப்பட்ட நாளில் கிறிஸ்து எங்கிருந்தார் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. யோனா மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்ததுபோல மானிட மகனும் நிலத்தின் உள்ளே இருப்பார் என்ற ஒப்புமை மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் உண்டு. கிறிஸ்துவின் ஆன்மா பாதாளத்தில் விடப்படவில்லை என்று திருத்தூதர் பணிகள் 2-ஆம் அதிகாரத்தில் பேதுரு, அதாவது பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இராயப்பர், 16-ஆம் சங்கீதத்தை எடுத்துக்காட்டிப் பேசுகிறார். எபேசியர் 4:9 அவர் மண்ணுலகின் கீழான பகுதிகளுக்கு இறங்கியதைக் குறிக்கிறது. எல்லாவற்றிலும் முதன்மையானது 1 பேதுரு 3:19. காவலில் இருந்த ஆவிகளிடம் சென்று அவர் அறிவித்தார் என்பது அதன் கருத்து. நோவா காலத்து மக்களிடம் நோவாவின் வாய்வழியாகக் கிறிஸ்துவின் ஆவி பேசியதையே இது சுட்டுகிறது என்று அகுஸ்தீனார் எவோதியுவுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். நுட்பமான விளக்கம்தான், ஆனால் அடுத்த அதிகாரத்தில், இறந்தோருக்கும் நற்செய்தி அறிவிக்கப்பட்டது என்று வரும் வசனத்துக்கு முன் அது நிற்பதில்லை.

தொடக்க வரலாறு

இரண்டாம் நூற்றாண்டிலேயே இக்கருத்து பரவலாக இருந்தது. இறைவாக்கினர்கள் கிறிஸ்துவுக்காகக் காத்திருந்தனர், அவர் வந்து அவர்களை எழுப்பினார் என்று அந்தியோக்கியா இஞ்ஞாசியார் மக்னேசியருக்கு எழுதினார். சார்தை நகர மெலித்தோ, இரேனேயு ஆகியோரிடமும் இக்கருத்தைக் காணலாம். 'எர்மாவின் மேய்ப்பர்' என்னும் நூல் ஒருபடி மேலே போய், திருத்தூதர்களும் இறந்த பின் கீழுலகில் போதித்தார்கள் என்கிறது. அலெக்சாந்திரியா கிளமெந்து, யூதர் மட்டுமன்றி நேர்மையாய் வாழ்ந்த பிற இனத்தாரும் அங்கே நற்செய்தி கேட்டனர் என்றார். மேற்குத் திருச்சபை இக்கருத்தை ஏற்கவில்லை.

சுரியானி மரபில் இது பாடல் பொருளாயிற்று. 4-ஆம் நூற்றாண்டில் எபிரேம் இயற்றிய நிசிபி நகரப் பாடல்களில் சாவும் சாத்தானும் ஒருவரோடொருவர் வழக்காடுகின்றனர். அந்த மரபின் வழிவந்த மேற்குச் சுரியானிச் சபைகள் புனித சனிக்கிழமையை நற்செய்திச் சனி என்றே அழைக்கின்றன; அன்று நற்செய்தி கேட்டவர்கள் இறந்தோர்.

விசுவாசப் பிரமாணம் ஒன்றில் இந்தக் கூற்று முதன்முதலாக இடம்பெற்றது 359-இல் சிர்மியும் நகரில் எழுதப்பட்ட வாசகத்தில். அதை எழுதியவர்கள், கிறிஸ்துவின் முழு இறைத்தன்மையை மறுத்த ஆரியுசின் பக்கம் சாய்ந்தவர்கள் என்று அந்த வாசகத்தையே திருச்சபை தள்ளிவிட்டது. கூற்று மட்டும் பிழைத்தது. ஏறத்தாழ 404-இல் உரையெழுதிய அக்கிலேயா ரூபினு, தம் ஊர் வாசகத்தில் இது இருக்கிறது, உரோமை வாசகத்தில் இல்லை என்று குறித்துள்ளார். அடக்கம் செய்யப்பட்டார் என்பதன் மறுகூற்றாகவே அவர் இதைக் கொண்டார். 8-ஆம் நூற்றாண்டில் பிர்மீனியு எழுதிய நூலில் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் இன்றைய வடிவில் காணப்படுகிறது. திருத்தூதர் பன்னிருவரும் ஆளுக்கொரு பிரிவைச் சொன்னார்கள் என்ற இடைக்காலப் புனைவில், பாதாள இறக்கம் பல பட்டியல்களில் தோமையாரின் பங்காக வருகிறது. 

மக்கள் மனத்தில் இக்காட்சியை நிலைநிறுத்தியது 'நிக்கொதேம் நற்செய்தி' என்னும் ஏற்கப்படாத நூல். அதன் இலத்தீன் வடிவில், கிறிஸ்துவோடு உயிர்பெற்று எழுந்த இருவர், குழந்தை இயேசுவைக் கையிலேந்திய சிமியோனின் மைந்தர், யூதத் தலைவர்கள் முன் கொண்டுவரப்படுகின்றனர். பேசாமல், தனித்தனியே உட்கார்ந்து கண்டதை எழுதுகின்றனர். இருட்டில் திடீரென ஒளி. கதவுகளைத் திறக்கச் சொல்லும் குரல். உள்ளே பாதாளமும் சாத்தானும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொள்கின்றனர். வெண்கலக் கதவு நொறுங்குகிறது. கிறிஸ்து ஆதாமின் கையைப் பிடித்து எழுப்புகிறார். விண்ணக வாசலில் இவர்கள் போய்ச் சேரும்போது, சிலுவையைத் தோளில் தூக்கியபடி நல்ல கள்வனும் அங்கு வருகிறான். எழுதி முடித்த இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கிழக்குத் திருச்சபை இக்காட்சியையே உயிர்ப்பின் படமாக வரைகிறது. இசுதான்புல்லின் கோரா ஆலயத்தில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியத்தில், உடைந்த பூட்டுகளும் சாவிகளும் காலடியில் சிதறிக் கிடக்க, கிறிஸ்து ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுத்தெடுக்கிறார். இலத்தீன் மரபோ கொடி ஏந்திக் கல்லறையிலிருந்து எழும் கிறிஸ்துவையே விரும்பி வரைந்தது. தமிழகக் கோவில் பீடங்களுக்கு வந்ததும் அந்த உருவந்தான்.

பாதாளத்தின் பிரிவுகள்

கீழுலகம் நான்கு நிலைகள் உடையது என்று இடைக்கால இறையியலார் வகுத்தனர்: தண்டனை பெற்றோரின் நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளின் இடம், கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த நீதிமான்களின் இடம். கடைசியாகச் சொன்னதே ஆபிரகாமின் மடி. கிறிஸ்து தம் ஆன்மாவோடு நேரில் இறங்கியது இந்த ஓரிடத்துக்கே. மற்றவற்றில் அவரது ஆற்றலின் விளைவு மட்டும் உணரப்பட்டது என்று தாமஸ் அக்குவினாஸ் தீர்த்துவைத்தார். உடல் கல்லறையில், ஆன்மா பாதாளத்தில், இறைத்தன்மை இரண்டோடும் பிரியாமல் என்பதே முறையான போதனை. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் அவர் ஆன்மாவில் இறங்கினார் என்று அறிக்கையிட்டது. ஆகவே அவர் நரக வேதனை அனுபவித்தார் என்று சொல்வது பொருந்தாது. சிலுவையில் அவர் பட்ட உள்ளத் துயரமே பாதாள இறக்கம் என்று சீர்திருத்தவாதி கால்வின் கொண்டது, அடக்கத்துக்குப் பின் வரும் கூற்றை அடக்கத்துக்கு முன் இழுத்துப் பொருள் கொள்வதாகும்.

முத்துக்குளித்துறையில்

கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரையான கரையில் பரதவர் 1535–37 ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். போதிக்க ஆளில்லாத இந்தக் கரைக்கு 1542-இல் சேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் வந்தார். தம் மொழியும் தமிழும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, செபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். 1544 ஜனவரி 15 தேதியிட்ட கடிதத்தில் அவரே முறையை விவரிக்கிறார். தெருவில் மணியடித்துச் சிறுவர்களை அழைப்பார். ஞாயிறன்று ஆணும் பெண்ணுமாக ஊர் கூடும். விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு பிரிவாக அவர் சொல்ல, மக்கள் திருப்பிச் சொல்வார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். கைகளை மார்பின்மேல் சிலுவைபோல் மடித்துக்கொண்டு, நம்புகிறோம் என்று எல்லோரும் உரக்கச் சொல்வார்கள். மற்றச் செபங்களைவிட இதையே அடிக்கடி சொல்ல வைத்ததாகவும் எழுதுகிறார். பாதாள இறக்கம் இக்கரையோரம் வேர் பிடித்தது இவ்வாறு கூட்டக் குரலில்தான்.

இராமேசுவரத்துக்குச் செல்லும் வழியில் மண்டபத்தை அடுத்துள்ள வேதாளையில், முத்துக்குளித்துறைச் சேசு சபையாரின் தலைவராக இருந்த அந்தோனியோ கிரிமினாலி 1549-இல் வடுகர் படையால் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். கூட்டக் குரலில் ஓதியவை இவர் காலத்தில் அச்சேறின: இவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம், இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல்.  அடுத்த ஆண்டே 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. இது வினாவிடையாக அமைந்த பெரிய நூல்.

பாதாளம் இக்கரை மக்களுக்குப் புதிய ஊரன்று. அனுமன் பாதாளம் புகுந்து இராம இலக்குவரை மீட்கும் மயில்ராவணன் கதையும், அங்கே சாம்பலாய்க் கிடந்த முன்னோரைக் கரையேற்றப் பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதையும் தெரிந்தவர்கள் அவர்கள். சேதுக்கரையிலும் அக்கினித் தீர்த்தத்திலும் ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் தர்ப்பணம் நடக்கிறது. ஆனால் கிறிஸ்து மீட்டது தமக்கு முன் வாழ்ந்த நீதிமான்களை மட்டுமே; அவருக்குப் பின் திருமுழுக்கின்றி இறந்த முன்னோர் இக்கோட்பாட்டுக்குள் வருவதில்லை என்பதே அன்றைய போதனை. யப்பானில் மனந்திரும்பியவர்கள் தம் முன்னோர் மீளமாட்டார்கள் என்று கேட்டு அழுததைச் சவேரியார் 1552-இல் எழுதியுள்ளார்.

பக்தி முயற்சிகளில் இதற்குத் தனி இடம் அமையவில்லை. சிலுவைப் பாதை பதினான்காம் நிலையான அடக்கத்தோடு முடிகிறது. தவக்காலத்தை ஒட்டி வரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இந்திய, இலங்கை மீனவர்கள் சேர்ந்து சொல்லும் சிலுவைப் பாதையும் அப்படியே. ஜெபமாலையின் துயர மறைபொருள்கள் சிலுவையில் முடிகின்றன; மகிமை மறைபொருள்கள் உயிர்ப்பில் தொடங்குகின்றன. இடையிலுள்ள சனிக்கிழமைக்கு நிலையும் இல்லை, மணியும் இல்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விளக்கு வைத்த பின் ஜெபமாலை சொல்லும் வீட்டில், சிலுவையைப் பிடித்துக்கொண்டு தொடக்கத்தில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ஒரே மூச்சில் இது கடந்துபோகிறது. பாஸ்காத் திருவிழிப்பில் பாடும் புகழுரையும் கிறிஸ்து பாதாளத்திலிருந்து வெற்றி வீரராய் எழுந்ததைக் குறிக்கிறது.

சீர்திருத்தச் சபைகள்

1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லூத்தரன் மிஷன் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை அப்படியே ஏற்றது. லூத்தர் 1533-இல் தோர்காவில் ஆற்றிய பிரசங்கத்தை ஒட்டி, 1577-இல் வகுத்த லூத்தரன் இணக்க அறிக்கை, கிறிஸ்து இறங்கிச் சாத்தானை வென்றார் என்பதோடு நிறுத்திக்கொண்டு, எப்படி என்று ஆராய வேண்டாம் என்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளில் மூன்றாவது இதுவே. ஜான் வெஸ்லி 1784-இல் மெத்தடிஸ்டுகளுக்காக அக்கோட்பாடுகளைச் சுருக்கியபோது இதை நீக்கிவிட்டார். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனையில் பாதாள இறக்கம் நீடிக்கிறது.

இன்றைய நிலை

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 632 முதல் 637 வரையான எண்களில் இதை விளக்குகிறது.