மாத்தளை இளவரசன் கற்ற பாடம்



றத்தொட்டையிலிருந்து மலைப்பாதையில் ஏறி, றிவஸ்டன் கணவாயைக் கடந்து கிழக்கே இறங்கினால் லக்கலப் பிரதேசம் விரியும். மேலே ஆளைத் தள்ளும் காற்று; சற்றுக் கீழே பிட்டவலப் பத்தனையின் புல்வெளி; அதற்கும் கீழே களு கங்கைப் பள்ளத்தாக்கு. இராவணனின் காவலர்கள் நின்று பார்த்த மலை இதுவென்று இங்குள்ள முதியவர்கள் சொல்வார்கள். பழைய பல்லேகமப் பட்டினம் இன்று நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. புதிய நகரம் மேட்டில் எழுந்துவிட்டது.

அந்தப் பாதையில் என் தமையனாருடன் ஒருமுறை போனேன். மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள் நாங்கள். ஒரே வாத்தியாரிடம், ஒரே மண்ணெண்ணெய் விளக்கில் ஆங்கிலம் படித்தோம். அவர் கனடாவுக்குப் போய் முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பியிருந்தார். புல்வெளியில் நின்றபடி, "தம்பி, இந்தப் பக்கத்தை எந்த ராசா ஆண்டான்?" என்று கேட்டார்.

"கண்டிச் சிம்மாசனம் கிடைக்காத ஒரு ராசகுமாரன் ஆண்டான், அண்ணே" என்றேன். அன்று அவருக்குச் சொன்ன கதையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அவன் பெயர் விஜயபாலன். கண்டியை 1604 முதல் 1635 வரை ஆண்ட செனரத் மன்னனின் அரண்மனையில் வளர்ந்த மூன்று இளவரசர்களில் ஒருவன். தாய் குசுமாசன தேவி. போர்த்துக்கேயர் அவளைத் தோனா கத்தரீனா என்றழைத்தனர். அவளே சிறுவயதில் மன்னாரில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் வளர்ந்தவள். 1594இல் அவளைக் கண்டியின் அரசியாக்கித் தாம் ஆள நினைத்த போர்த்துக்கேயர் தந்துறையில் தோற்றார்கள். வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்தான். அவனுக்குப் பின் செனரத்தும் அவளையே மணந்தான்.

1617இல் செனரத்துக்கும் போர்த்துக்கேயருக்கும் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அந்தக் காலச் சூழலில், பிரான்சிஸ்கன் சபைத் துறவியிடம் இளவரசர்கள் பாடம் கேட்டார்கள். போர்த்துக்கேய மொழி அவர்களுக்குக் கைவந்தது.

அரசிளங்குமாரர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அந்த நாட்களில் வெறும் கல்விப் பணியா, நேயர்களே? இல்லை. கோட்டை இராச்சியத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். தன் பேரன் தர்மபாலனுக்கு முடி நிச்சயமாக வேண்டுமென்று, அவனுடைய பொன்னுருவத்தை லிஸ்பனுக்கு அனுப்பி 1543இல் முடிசூட்டுவித்தான் புவனேகபாகு. அந்தப் பேரன் பிரான்சிஸ்கன் துறவிகளின் கையில் வளர்ந்தான்; 1557இல் ஞானஸ்நானம் பெற்றான்; 1580இல் தன் நாட்டையே போர்த்துக்கல் மன்னனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தான். வாளால் எளிதில் முடியாத காரியம் ஒரு சாசனத்தால் முடிந்துவிட்டது.

ஆகவே, விஜயபாலனும் படிப்பினால் கெட்டான் என்று சொல்லிவிடுவது எளிது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

1630இல் ஊவாவுக்குள் படையெடுத்துத் திரும்பிய தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா ரந்தெனிவெலவில் கொல்லப்பட்டபோது, எதிரே நின்ற கண்டிப் படையை நடத்தியவர்கள் இந்த இளவரசர்களே. துறவி கற்பித்த மொழி அவர்களின் வாளை மழுங்கச் செய்யவில்லை.

செனரத் முதுமையில் நாட்டை மூன்றாகப் பகிர்ந்தான். ஏடுகளில் எழுதித் திருவுளம் பார்த்ததாகச் சூளவம்சம் கூறும். குமாரசிங்கனுக்கு ஊவா, விஜயபாலனுக்கு மாத்தளை, இளையவனான இராசசிங்கனுக்குக் கண்டியும் தலைமையும். மாத்தளைக் கொடபொலவில் விஜயபாலனின் மாளிகை இருந்ததென்பர்.

1638 மார்ச்சில் போர்த்துக்கேயத் தளபதி தியோகு டி மெல்லோ கண்டியை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில் கன்னொறுவையில் சூழப்பட்டான். அவனும் மாண்டான், அவன் படையும் அழிந்தது. அன்று இராசசிங்கனின் பக்கத்தில் விஜயபாலனும் நின்றான். தான் பேசிப் பழகிய மொழியில் எதிரிகள் அபயக் குரல் எழுப்பியதை அவன் காது கேட்டிருக்கத்தானே வேண்டும்!

பிறகு எங்கே பிளவு வந்தது? குமாரசிங்கன் இறந்தபின் ஊவா யாருக்கென்ற கேள்வியில் வந்தது. இராசசிங்கன் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டான். மூத்தவனுக்குப் பங்கில்லை. மனக்கசப்பு முற்றிப் போராயிற்று. விஜயபாலன் தோற்றான். 1640களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்தான். கொழும்புக்கும், அங்கிருந்து கோவாவுக்கும் கொண்டுபோனார்கள். 1619இல் சிறைப்பட்ட யாழ்ப்பாணத்துச் சங்கிலி குமாரனைக் கொண்டுபோய்க் கொன்றதும் அதே கோவாவில்தான். கைதியாகப் போன சங்கிலிக்குச் சாவு. விருந்தாளியாகப் போன விஜயபாலனுக்குக் காத்திருப்பு.

படை தந்தால் என் நாட்டை மீட்பேன் என்று கேட்டுக்கொண்டிருந்தான் அவன். லிஸ்பன் ஆவணங்களில் கிடந்த அவனுடைய கடிதங்களை அறிஞர் போல் ஈ. பீரிஸ் 1920களில் நூலாக்கினார். கேட்ட படை வரவில்லை. 1644இல் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கையில் போரை நிறுத்தி எல்லை வகுத்துக்கொண்டார்கள். அதன்பின் மாத்தளை இளவரசனால் அவர்களுக்கு என்ன பயன்? கிறிஸ்தவத்தைத் தழுவிய விஜயபாலன் 1654இல் கோவாவிலேயே கண்மூடினான்.

தம்பி இராசசிங்கனோ, அதே போர்த்துக்கேய மொழியை வேறுவிதமாகக் கையாண்டான். 1636இலேயே பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்கு ஓலை அனுப்பினான். போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரோடு அவன் நடத்திய கடிதப் போக்குவரத்து போர்த்துக்கேய மொழியில்தான் நடந்தது! 1638இல் மட்டக்களப்பு, 1639இல் திருகோணமலை, 1640இல் காலி, 1656இல் கொழும்பு என்று கோட்டைகள் வீழ்ந்தன. ஆனால் கொழும்பை ஒல்லாந்தர் அவனிடம் ஒப்படைக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வது இதைத்தான்.

ஒரே ஆசான், ஒரே பாடம். ஒருவனுக்கு அந்த மொழி ஆயுதம். மற்றவனுக்கு அடைக்கல வீடு. கல்வி ஒரு கதவைத் திறந்து வைத்தது உண்மை. ஆனால் அந்தக் கதவுக்கு அப்பால் போகும்படி விஜயபாலனைத் தள்ளியது எது? வீட்டுக் கதவு மூடப்பட்டதல்லவா? அந்நியன் கற்பித்ததை மட்டுமே குறை சொல்லும் நாம், சகோதரன் மறுத்த பங்கை ஏனோ மறந்துவிடுகிறோம்.

கதை முடிந்தபோது மூடுபனி புல்வெளியை மறைத்திருந்தது. அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவன் திரும்பி வரவே இல்லையா?" என்றார்.

"இல்லை அண்ணே."

"கூப்பிட்டு யாராவது கடிதம் போட்டாங்களா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. முப்பது ஆண்டுகளில் நான் அவருக்கு எழுதிய கடிதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தோட்டத்து லயத்தில் அப்பா இருந்த அறையை, அவரைக் கேளாமலே, நான்தான் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தேன். அதை அவர் ஒருபோதும் என்னிடம் கேட்டதில்லை.

மாத்தளைக்குத் திரும்பும் கடைசி பஸ் வளைவில் ஒலியெழுப்பியது. "வாங்க அண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்று அவருடைய பையை நான் வாங்கிக்கொண்டேன்.