மக்கள் கலையும் சேகரிப்போரும்: பிரான்சின் அனுபவம்

பிரெஞ்சு நாட்டுப்புறக் கலைப்பொருட்களைத் தேடி வாங்குவோர் இன்று பலர். நெவேர் நகரத்து மட்தட்டு, எப்பினால் அச்சுப்படம், பிரிட்டனிக் குடியானவனின் பெட்டிக்கட்டில், ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தவர் செதுக்கிய மரப்பேழை ஆகியவை ஏலக்கூடங்களில் விற்பனையாகின்றன. இவற்றின் அழகைப் பாராட்டும் நூல்களுக்குக் குறைவில்லை. ஆயின் ஆக்கியோரையும் பயன்படுத்தியோரையும் விட்டு இவை எவ்வாறு பிரிந்தன, எக்காலத்தில், எவர் கைக்குச் சென்றன என்னும் வினா அழகு பற்றிய பேச்சிலே மறைந்துவிடுகின்றது. மக்கள் கலையை மக்களது வரலாற்றோடு சேர்த்து நோக்க விரும்புவோர் இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

அச்சுப்படங்களை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் கிழக்கே எப்பினால் என்னும் ஊரிற் பெலெரேன் என்பார் 1796 இல் அச்சகம் ஒன்றை நிறுவினார். மரக்கட்டையிற் படத்தைச் செதுக்கித் தாளில் அச்சிடுவர். பின்னர், துளைவெட்டிய அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அத்தாளின்மேல் வைத்து, ஓர் அட்டைக்கு ஒரு வர்ணமாகப் பூசுவர். பூசிய தொழிலாளருட் சிறுவரும் இருந்தனர். இவ்வாறு ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்ட படங்களைப் பொட்டணி வியாபாரிகள் தோளிற் சுமந்து கிராமந்தோறுஞ் சென்று மிகச் சொற்ப விலைக்கு விற்றனர். புனிதர்களும் நெப்போலியனின் போர்களும் குடியானவர் வீட்டுச் சுவரில் அருகருகே இடம்பெற்றமை இதனாலேயாம். இவற்றோடு 'தலைகீழ் உலகம்' என்னும் படமும் விற்பனையாயிற்று. அதிலே மாடு கசாப்புக்காரனின் தோலை உரிக்கும். குதிரை மனிதன்மேல் ஏறிச் செல்லும். சிரிப்பதற்கென ஆக்கப்பட்ட படந்தான். எனினும், சுமப்பவனும் ஏறுபவனும் இடம்மாறக்கூடும் என்ற நினைவை ஆண்டுமுழுதும் சுவரில் மாட்டிவைத்திருந்தவன் வெறுஞ் சிரிப்புக்காக மட்டுமே அதனை வைத்திருந்தான் என்று என்னாற் கருத முடியவில்லை.

ஆட்சியாளரும் அவ்வாறு கருதவில்லை. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் சதிமூலம் குடியரசைக் கவிழ்த்தான். அடுத்த ஆண்டு நவம்பர் மாதத்திற் பொலிஸ் அமைச்சின்கீழ், பொட்டணி வியாபாரிகள் விற்கும் நூல்களை ஆராயவென ஓர் ஆணைக்குழு நிறுவப்பட்டது. அதன் முத்திரை பெறாதவற்றை அவ்வியாபாரிகள் விற்றல் குற்றமாயிற்று. அனுமதிக்காகப் பல ஊர்களிலிருந்தும் வந்த மலிவு நூல்கள் ஆணைக்குழுவின் மேசையிற் குவிந்தன. அக்குழுவின் செயலாளரான ஷார்ல் நிசார், இக்குவியலை வைத்துக்கொண்டே பிரெஞ்சு மக்கள் நூல்களின் வரலாற்றை எழுதி 1854 இல் வெளியிட்டார். அத்துறையிலே முன்னோடி நூல் என அது போற்றப்படுகின்றது. மக்களின் கையிலிருந்து பறித்தவனே மக்களின் இலக்கியத்துக்கு வரலாற்றாசிரியனும் ஆனான். சேகரிப்பின் கதை இவ்விடத்திலே தொடங்குவது தற்செயலன்று.

நிசாருக்கு நேர்மாறானவராகத் தோன்றுபவர் ஷாம்புளூரி. 1848 பெப்ருவரிப் புரட்சி நாட்களிற் கவிஞர் போதலேயருடன் சேர்ந்து பத்திரிகை நடத்தியவர். யதார்த்த ஓவியர் கூர்பேயின் நண்பர். 1854 இற் கூர்பே தீட்டிய 'சந்திப்பு' என்னும் ஓவியத்தின் அமைப்பு, நாடோடி யூதன் பற்றிய மலிவு அச்சுப்படம் ஒன்றைத் தழுவியது என்பதை ஆராய்ச்சியாளர் பின்னர் எடுத்துக்காட்டியுள்ளனர். மக்கள் கலை ஓவியனின் தூரிகைக்கு வலுவூட்டியமைக்கு இது தக்க சான்று.

ஷாம்புளூரி சேகரித்தவை பெரும்பாலும் 1789 புரட்சிக் காலத்து மட்தட்டுகள். அக்காலக் குயவர் தட்டின் நடுவே பீரங்கிமேல் நிற்கும் சேவலை வரைந்தனர். மண்வெட்டி, வாள், ஆயரின் செங்கோல் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று வகுப்பாரின் ஒற்றுமையைக் காட்டினர். அரசியல் செய்தி அன்றாட உணவுத் தட்டிலே ஏறிய காலம் அது. இத்தட்டுகளின் வரலாற்றை ஷாம்புளூரி 1867 இல் நூலாக்கினார். அதன் விளைவொன்று குறிப்பிடத்தக்கது: தட்டுகளுக்குக் கிராக்கி ஏற்படவே, புரட்சிச் சின்னம் பொறித்த போலித் தட்டுகளும் சந்தைக்கு வந்தன. புரட்சியே பழம்பொருளாகி, அதற்குப் போலியும் செய்யப்பட்டது! சேகரிப்புப் பித்தினை ஷாம்புளூரி அறியாதவரல்லர். அப்பித்தினைப் பொருளாகக் கொண்டு 'மட்பாண்ட வயலின்' என்னும் கதையை 1862 இல் எழுதியவரும் அவரே. எனினும் 1869 இல் அச்சுப்படங்களைப் பற்றி எழுதியபோது, மக்கள் கலையிற் பொறுமையையும் சமரசத்தையுமே அவர் பெரிதும் விதந்துரைத்தார். 1848 இன் தோல்வி அவரது கண்ணை மாற்றிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

தென் பகுதியில், புரொவான்சு மொழிக் கவிஞர் மிஸ்திரால் ஆர்ல் நகரில் ஒரு நூதனசாலையை அமைத்தார். அது 1899 இல் திறக்கப்பட்டது. 1904 இற் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் அதற்கே செலவிட்டார். அவரது பற்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அங்கே உருவப் பொம்மைகளைக் கொண்டு அமைக்கப்பட்ட காட்சிகள் நத்தார் முன்னிரவு விருந்தும் குழந்தை பெற்றவளைப் பார்க்கச் செல்லும் சடங்குமாம். திராட்சைக் கொடிகளைப் பூச்சிநோய் அழித்ததும், குடும்பங்கள் கடனில் மூழ்கியதும் அதே புரொவான்சில் அவர் வாழ்நாளிலே நிகழ்ந்தவை.

பாரிஸ் எல்லையிற் சென் உவான் பழம்பொருட் சந்தை உருவாயிற்று. நகரக் குப்பையிலிருந்து கந்தையும் உலோகமும் பொறுக்கிப் பிழைத்தோர் நகருக்கு வெளியே ஒதுங்கி நடத்திய விற்பனை அதன் தொடக்கம். பின்னர் அது வணிகர் கைக்கு மாறியது. பிரிட்டனியின் பெட்டிக்கட்டில்கள் செதுக்கு வேலைக்காக வாங்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, நகர வீடுகளில் அலுமாரிகளாயின. குளிர் நுழையாமற் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தார் உறங்கிய கட்டில் அது.

1937 மே மாதத்தில், மக்கள் முன்னணி ஆட்சிக் காலத்தில், மக்கள் கலைகளுக்கும் மரபுகளுக்குமான தேசிய நூதனசாலை ஜோர்ஜ் ஆன்றி றிவியேரின் பொறுப்பில் உதயமாயிற்று. தொழிலாளர் சம்பளத்துடனான விடுமுறையை வென்றெடுத்தது முந்திய ஆண்டிலேதான். அரும்பொருளைவிட அதனைச் செய்த முறைக்கும், பயன்படுத்திய கைக்கும் முதன்மை தரும் நோக்கு இங்கு வேரூன்றியது. மூன்றாண்டுகளிற் பிரான்சு வீழ்ந்தது. விஷியில் அமர்ந்த பெத்தேனின் ஆட்சி, மண்ணையும் மரபையும் கிராமியக் கைவினையையும் தன் பிரசாரத்துக்குக் கருவியாக்கிற்று. மக்கள் முன்னணி தொடக்கிய நூதனசாலைக்கு இப்போது அவ்வாட்சியே பணம் வழங்கியது. அப்பணத்தில் 1941 முதல் இளங் கட்டடக்கலைஞர் நாடெங்குஞ் சென்று குடியானவர் வீடுகளை அளந்து வரைந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் பதிவாகின. சேர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்படாமல் அவ்விளைஞருட் பலரைக் காத்ததும் அவ்வேலையேயாம். அதே நூதனசாலையிற் பணியாற்றிய ஆன்யெஸ் ஆம்பேர் என்னும் பெண் அறிஞர், எதிர்ப்பியக்கத்தின் இரகசியப் பத்திரிகையில் ஈடுபட்டு 1941 இற் கைதாகி, சேர்மனியிற் கட்டாய உழைப்புக்கு உள்ளாக்கப்பட்டார். ஒரே கூரையின்கீழ், ஒரே பொருட்களின் நடுவே, இவ்விரு வழிகளும் இருந்தன. கலப்பையோ மரப்பேழையோ எவர் பக்கமும் தானாகப் பேசுவதில்லை.

போருக்குப் பின் றிவியேர் தனித்த பொருளைத் தேடுவதை மேலும் குறைத்துக்கொண்டார். 1963 தொடக்கம் ஒப்ராக் மேட்டுநிலத்தில் ஆய்வாளர் குழுவொன்று இடையரோடு இருந்து பாற்கட்டி செய்யும் தொழில் முழுவதையும் பதிவுசெய்தது. அவர்களது குடிசை ஒன்றின் உட்புறம், வாளி, பலகை, படுக்கை என ஒன்றும் விடாது நூதனசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. ஏலக்கூடத்திலே காசு பெறாத பொருட்கள் அவற்றுட் பல. தட்டையும் கட்டிலையும் தனியே பிரித்தெடுத்த நூறாண்டுப் பழக்கத்துக்கு இதனைவிடச் சிறந்த மறுமொழியை நான் அறியேன்.

பாரிசின் புலோன் பூங்காட்டில் அந்நூதனசாலைக்கெனக் கட்டிய கட்டடம் 1972 இல் திறக்கப்பட்டது. வருவோர் தொகை குறைய, 2005 இல் மூடப்பட்டது. சேகரிப்புக்கள் மார்செய் துறைமுகத்தில் 2013 இல் திறந்த மத்தியதரைக்கடல் நாகரிக நூதனசாலைக்கு மாற்றப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி களஞ்சியத்தில் இருக்கின்றது. வெறுமையான பாரிஸ் கட்டடத்தை ஆடம்பரப் பண்டங்கள் விற்கும் பெருநிறுவனம் ஒன்று கைவினைகளுக்கும் கலைகளுக்குமான நிலையமாகப் புதுப்பிக்கும் என 2017 இல் அறிவிக்கப்பட்டது.