மழைத்தோட்டம் (மினசோட்டா)

மழைத்தோட்டம்: கூரையிலும் தெருவிலும் வழிந்தோடும் மழைநீரை ஏரிக்குப் போகவிடாமல் மண்ணுக்குள் இறக்கும் ஆழமற்ற செடிப்பள்ளம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இது ஏரி காக்கும் மக்கள் முயற்சியாக வளர்ந்தது.

பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே அங்கே 11,842. நகர்ப்புற ஏரிகளுக்கான தொல்லை வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது: இலைச்சருகு, வெட்டிய புல், நாய்க்கழிவு, உரம். மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பின்றி நேரே நீர்நிலையில் கலப்பதால், இவற்றிலுள்ள பாஸ்பரஸ் பாசியைத் தழைக்க வைத்து ஏரியைப் பச்சைக் குழம்பாக்கிவிடும்.

பர்ன்ஸ்வில் நகரம் 2003இல் கிரிஸ்டல் ஏரியையொட்டிய குடியிருப்பு ஒன்றில் 17 மழைத்தோட்டங்களை அமைத்தது. ஆசையாய் வளர்த்த முன்புறப் புல்வெளியைத் தோண்ட வீட்டுக்காரர்கள் சம்மதித்ததுதான் இதில் பெரிய விஷயம். களை பிடுங்கும் வேலையும் அவர்களுடையதே. தெருவோர விளிம்புக் கல்லில் ஒரு வெட்டு. அதன் வழியே தண்ணீர் பள்ளத்துக்குள் திரும்பி, ஓரிரு நாளில் வடிந்துவிடும். கொசு முட்டையிட்டாலும் பொரிந்து வளர அவகாசமில்லை. தோட்டமில்லாத பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டு அளந்தபோது, வழிந்தோடிய நீர் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்திருந்தது.

சட்டமும் கைகொடுத்தது. புல்வெளிக்குப் பாஸ்பரஸ் உரமிடுவதை மாநிலம் முழுக்க 2005 முதல் மினசோட்டா கட்டுப்படுத்தியது.

ஹேம்லின் பல்கலைக்கழகம் முன்னெடுத்த வடிகால் தத்தெடுப்புத் திட்டம் இன்னும் எளிது. தெருவோர வடிகால் ஒன்றைத் தேர்ந்து, விரும்பினால் பெயரும் சூட்டி, மாதம் இருமுறை கால் மணி நேரம் சருகு வாரினால் போதும். செலவென்று பார்த்தால் ஒரு துடைப்பம்தான்.