மூளைக் கட்டியும் காத்திருப்பின் வரலாறும்

நோய்களின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைக் கண்டவர் யார், கண்ட ஆண்டு எது என்பனவே அங்கு முதன்மை பெறுகின்றன. நோயாளர் தம் நாட்களை எவ்வாறு கழித்தனர் என்ற வினா எழுவது அரிது. மூளைக் கட்டியுடன் வாழ்வோர் ஒரு ஸ்கானுக்கும் அடுத்த ஸ்கானுக்கும் இடையே கழிக்கும் காலம் அவ்வாறு எழுதப்படாத ஒன்றாகும். அக்காலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

1884 நவம்பரில் இலண்டனில் றிக்மன் கொட்லி என்னும் சத்திரசிகிச்சையாளர் மூளைக் கட்டியொன்றை அகற்றினார். அது இருந்த இடத்தை ஹியூஸ் பெனற் என்னும் வைத்தியர், நோயாளியின் உடலில் தோன்றிய வலிப்பு, வலுவிழப்பு ஆகிய குறிகளைக் கொண்டே கணித்திருந்தார். கணிப்புச் சரியாயிற்று, ஆயினும் நோயாளி ஏறத்தாழ ஒரு மாதத்தில் தொற்றினால் இறந்தார். 1895 இல் றொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர்கள் மண்டையோட்டைக் காட்டினவேயன்றி மூளையைக் காட்டவில்லை. 1918 இல் வோல்ற்றர் டண்டி மூளையறைகளுட் காற்றைச் செலுத்தியும், 1927 இல் எகாஸ் மொனிஸ் குருதிக் குழாய்களில் மருந்தைச் செலுத்தியும் படமெடுத்தனர். இவை வேதனையும் ஆபத்தும் மிக்கவை. ஆதலால், கட்டியைக் காலந்தோறும் பார்த்துவரல் என்ற எண்ணத்துக்கே அன்று இடமிருக்கவில்லை.

ஹங்கேரிய எழுத்தாளர் பிரிஜெஸ் கரிந்தி இதற்குச் சான்றாவார். 1936 இல் புடாபெஸ்ற் நகரக் கோப்பிக் கடையொன்றில் இருந்த அவருக்கு, இல்லாத புகையிரதங்களின் இரைச்சல் கேட்டது. சில வாரங்களுள் ஸ்ரொக்ஹோமில் ஒலிவெக்குரோனா அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அவ்வனுபவத்தை நூலாக்கிய கரிந்தி 1938 இல் மறைந்தார். அறிதலுக்கும் கத்திக்கும் இடையே அவருக்குக் கிடைத்த அவகாசம் மிகச் சிறிது.

1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி, ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த கணனிக் கதிர்ப்படக் கருவி விம்பிள்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1980களில் காந்த ஒத்ததிர்வுப் படமுறை வைத்தியசாலைகளுக்கு வந்தது. எக்ஸ் கதிர் இன்மையால் இதனைப் பலமுறை எடுத்தல் இயன்றது. வேறு காரணத்துக்காக எடுத்த படத்திற் கட்டி தென்படுதலும் பெருகிற்று. நோய்க்குறியற்ற சிறிய மெனிஞ்சியோமாவை உடனே அகற்றாது, ஆறு மாதத்தின் பின்னும், பின்னர் ஆண்டுதோறும் படமெடுத்துக் கண்காணித்தல் ஏற்கப்பட்ட முறையாயிற்று. தீவிரமான கிளியோமாக்களில், கட்டியின் இரு குறுக்களவுகளின் பெருக்கம் 25 வீதம் கூடினால் நோய் முற்றியதாகக் கொள்ளும் அளவுகோல் 1990 இல் வகுக்கப்பட்டது.

இவ்வாறு, நோயை உடல் உணர்த்திய நிலை மாறிப் படம் உணர்த்தும் நிலை தோன்றிற்று. தன்னைச் சுகதேகியாக உணர்பவரும் நோயாளராயினர். சாதாரணத் தலையிடியும் ஐயத்துக்குரியதாயிற்று. திருமணம், தொழில், பயணம் யாவும் அடுத்த படத்தின் திகதியை நோக்கி ஒத்திவைக்கப்பட்டன. ஆங்கிலம் பேசும் நோயாளர் ஸ்கானையும் பதற்றத்தையும் குறிக்கும் சொற்களை இணைத்துப் புதுச்சொல்லொன்றையே ஆக்கிக்கொண்டனர்.

இதனாற் கருவியைப் பழித்தல் பொருந்தாது. தேவையற்ற சத்திரசிகிச்சையிலிருந்து பலரைக் காத்ததும் அதுவே. ஆனால், படமெடுத்த நாளுக்கும் முடிவைக் கேட்கும் நாளுக்கும் இடையிலுள்ள காத்திருப்பில் நோயால் விதிக்கப்பட்டது சிறிது. வைத்தியசாலை ஒழுங்கினால் விளைவது பெரிது. மனிதர் வகுத்த அவ்வொழுங்கை மனிதர் திருத்தலாம். நோயாளரின் காலத்தையும் வரலாற்றின் பொருளாகக் கொள்ளும்போதே இவ்வுண்மை புலனாகும்.