இரத்தச் சர்க்கரையை ஆய்வகம் அளப்பது எப்படி?

நம் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதை ஆய்வகங்கள் நொதிகளைக் கொண்டே அளக்கின்றன. பரவலாக உள்ள முறையில், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸுடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. பெராக்சிடேஸ் என்ற மற்றொரு நொதி அதிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தை வரவழைக்கிறது. நிறம் அடர்ந்தால் சர்க்கரை அதிகம்.

ஆனால், குழாய்க்குள் போன பிறகும் இரத்த அணுக்கள் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். பாபநாசத்தில் எடுத்த இரத்தம், அணுக்களைப் பிரிக்காமல் நெல்லை ஆய்வகத்துக்குப் போய்ச் சேர 2 மணி நேரமானால், 130 மி.கி. இருந்தது 115 என்று காட்டலாம். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய். அப்படியானால், நோய் உள்ளவரே இல்லையென்று வீடு திரும்பக்கூடும்.

இதைத் தடுக்கத்தான் சோடியம் புளோரைடு உள்ள சாம்பல் நிற மூடிக் குழாய். அதுவும் முழுப் பலன் தரச் சில மணி நேரமாகும். எடுத்த இடத்திலேயே அணுக்களைப் பிரித்து, குளிரில் வைத்து அனுப்புவதே நல்லது. இரத்தம் கொடுக்கும்போது இதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.